மாத்திரை மட்டும்தான் சார்

அம்மா,

பக்கத்து வீட்டுச் சுளகில் சிறுகுறிஞ்சான் இலை காய்கிறது. அந்தப் பச்சைக் கசப்பு ஜன்னல் வழியே வந்ததும், நீதான் உள்ளே வந்துவிட்டாய் என்று திரும்பிப் பார்த்தேன்.

கடலில் முங்கிப் பாசி எடுத்துவிட்டு வந்த ஒரு மாலை, அந்த இலையை மென்று விழுங்கிவிட்டு ஒரு கை சீனியை வாயில் போட்டாய். "மண்ணு மாதிரி இருக்குடி. நாக்குலயே சீனி செத்துப்போச்சு, ரத்தத்துல மட்டும் இருக்குமாக்கும்? ஒங்க காலேஜ்ல இதெல்லாம் சொல்லித்தரலயா?" என்று சிரித்தாய். நாக்கு மரத்ததால் ரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிடாது என்று எனக்குத் தெரியும். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஊர் நர்ஸ் உனக்குத் தந்த சர்க்கரை மாத்திரை அட்டைகள் பிரிக்காமலே டிரங்குப் பெட்டியில் சேர்ந்தன. பாறை கிழித்த கால்புண் ஆறாததால்தான் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தாய். பேசுவதற்குப் படித்தவள் வேண்டுமென்று என்னையும் கூட்டிப்போனாய். டாக்டர் என்னிடம்தான் கேட்டார்: "மாத்திரை ஒழுங்கா போடுறாங்களா? நாட்டு மருந்து ஏதாவது?" மேசைக்கடியில் உன் கால் என் காலை மிதித்தது.

"மாத்திரை மட்டும்தான் சார்."

போட்டும் குறையவில்லை என்று நினைத்து, அவர் வீரியத்தைக் கூட்டி எழுதினார். இப்படியே போனால் காலை எடுக்க வேண்டிவரும் என்றார்.

பஸ்ஸில் என் தலையைத் தடவினாய். "காட்டிக்குடுத்துருவியோன்னு பயந்தேன். ஏம் புள்ளடி நீ."

காலை எடுப்பார்கள் என்ற பயத்தில் மறுநாள் விடியலில் புது மாத்திரையைப் போட்டாய். இலையையும் மென்றாய். புண்ணின்மேல் பாலிதீன் பையைச் சுற்றிக் கட்டினாய். சோறு வேகவில்லை, பாசிக்குப் போகிற வத்தைப் படகு கிளம்பத் தயாராகிவிட்டது. "வந்து தின்னுக்கிறேன், வாரேன்டி" என்று ஓடினாய். மாத்திரையும் இலையும் வெறும்வயிறும் சேர்ந்தால் சர்க்கரை அளவுமீறி இறங்கும் என்பது டாக்டருக்குத் தெரியும். அவரிடம்தான் நாம் சொல்லவில்லையே.

"கை நடுங்குதுன்னு சொன்னா. புதுப்பொண்ணுக்குக் குளுருதோன்னு கேலி பண்ணோமே" என்று உன்னோடு பாசிக்கு வந்த பேச்சியக்கா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். முங்கிய நீ எழவில்லை. ஊர் கடலைத் திட்டியது. நானும் தலையாட்டினேன்.

அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் பஸ் நெடுகத் திட்டியிருப்பாய். "ஒன்னப் படிக்கவச்சேன் பாரு, என்னயச் சொல்லணும்" என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசியிருக்கமாட்டாய். அந்த இரண்டு நாளும் நீ இருந்திருப்பாய், அம்மா.

கனவில் வருகிறாய். முடியிலிருந்து தண்ணீர் சொட்டச்சொட்ட என் பக்கத்தில் உட்காருகிறாய். திட்டப்போகிறாய் என்று காத்திருக்கிறேன். தலையைத்தான் தடவுகிறாய்.