ஏகாதசியன்று வெறும் சோறு

27 நவம்பர் 2025, வியாழன். திருப்பதி

டாக்டர் அறையில் இருந்தவர்கள்: நான், வீட்டுக்காரர் மணிவேல், மகள் சுஷ்மிதா, டாக்டரம்மா, பரிசோதனை செய்யும் ஹரிபாபு. பெருமாளும் இருந்தார் என்றே எழுதிக்கொள்கிறேன்.

சுஷ்மி தின்பது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. வயிறு உப்புகிறது, பேதியாகிறது. ஆடியில் நாற்பத்தாறு கிலோ, இன்று முப்பத்தொன்பது. வேலை செய்த ஸ்ரீசிட்டி கம்பெனியில் மயங்கி விழுந்ததிலிருந்து வீட்டில்தான். மூச்சைப் பரிசோதிப்போம் என்றார் டாக்டரம்மா. சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவேண்டும். சிறுகுடலில் கிருமி பெருகியிருந்தால் அதைப் புளிக்க வைக்கும். அதில் உண்டாகும் வாயு ரத்தத்தில் கலந்து மூச்சில் வரும். இட்லி மாவு பொங்குவதுபோல என்று புரிந்துகொண்டேன். முந்தின நாள் வெள்ளைச் சோறும் உப்பும் மட்டும். பழம், பால், பருப்பு, கிழங்கு கூடாது. ராத்திரியிலிருந்து பட்டினி. ஹரிபாபு தெலுங்கில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை சொன்னார்.

1 டிசம்பர், திங்கள். நகரி

நாளை பரிசோதனை. இன்று ஏகாதசி. அரிசியை உலையில் போடுவதா? நான் வாழவந்த நாளிலிருந்து இந்த வீட்டில் நடந்ததில்லை. பழமும் பாலும் சோற்றைவிட லேசுதானே. வாழைப்பழம், பால், அவித்த சர்க்கரைவள்ளி கொடுத்தேன். விரதமே அவளுக்காகத்தானே?

2 டிசம்பர், செவ்வாய்

சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கும் முன்பே, முதல் ஊதலிலேயே எண் எகிறிவிட்டது. ஹரிபாபு மிஷினைப் பார்த்தார், பிறகு என்னை.

"நேத்து ஏமி... என்ன கொடுத்தீங்கம்மா?"

சொன்னேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பழமும் கிழங்கும் உள்ளே புளித்து வருகிற வாயுவாம். இதன்மேல் பரிசோதித்தால் ஒன்றும் விளங்காதாம். இனி 31ஆம் தேதிதான் இடம் இருக்கிறது.

பஸ் புத்தூரைத் தாண்டியது. வீட்டுக்காரர், "உன் பெருமாளுக்கு சோறு ஆவாது, என் பொண்ணுக்கு சோறு ஓணும். ரெண்டு பேர்ல நீ யார் பக்கம்?" என்றார்.

சுஷ்மிதான், "வுடு நைனா, அம்மாவ திட்டிக்கினே வராத" என்றாள்.

ஒரு மாசம். என்னால ஒரு மாசம் போச்சே.

14 டிசம்பர்

முப்பத்தெட்டு கிலோ.

30 டிசம்பர், செவ்வாய்

வைகுண்ட ஏகாதசி. ஊரே கோவிலில். நான் சோறு வடித்தேன். குக்கர் விசில் தெருவுக்குக் கேட்குமே என்று பானையில். பக்கத்து வீட்டு சுந்தரி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, இன்னிக்குப் போயி கஞ்சி வாசன?" என்றாள். சுஷ்மி உப்பைப் போட்டுப் பிசைந்து தின்றாள். நான் தண்ணீர்கூடத் தொடவில்லை. அதனால் சரியாகிவிடுமா - தெரியவில்லை.

31 டிசம்பர், புதன்

முதல் எண் தாழ்ந்தே இருந்தது. ஹரிபாபு தலையாட்டினார். சர்க்கரைத் தண்ணீர் குடித்தபின் விட்டுவிட்டு ஊதினாள். "திருவிழால பலூன் விக்கறவன்கூட இவ்ளோ ஊதமாட்டாம்மா" என்றாள். அவள், நான், ஹரிபாபு மூன்று பேரும் சிரித்தோம்.

எண் ஏறவேயில்லை. ஏறட்டும், ஏறட்டும் என்று வேண்டினேன். மகள் வயிற்றில் கிருமி இருக்கட்டும் என்று எந்தத் தாயாவது வேண்டுவாளா? ஆனால் கிருமிக்கு மாத்திரை இருக்கிறதே.

இதை வைத்துக் கிருமி இல்லை என்றும் முடிவாகச் சொல்ல முடியாதாம். சிலர் குடலில் அந்த வாயுவே உண்டாகாதாம். அப்படியென்றால் நேற்று நான் செய்தது எதற்கு? குழாய் விட்டு, சிறுகுடலில் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கவேண்டுமாம்.

9 ஜனவரி 2026, வெள்ளி

துணுக்கு எடுத்து அனுப்பி நாலு நாளாகிறது. ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. சுஷ்மி எடை பார்க்க வேண்டாம் என்றுவிட்டாள். சாமி விளக்கை இன்று அவர்தான் ஏற்றினார். நான் அவளைத் தாங்கிக்கொண்டு பாத்ரூம் வாசலில் நின்றிருந்தேன்.

ஹரிபாபுவுக்கு செல்லில் அனுப்பியது: தம்பி, ரிப்போர்ட் வந்துச்சான்னு டாக்டரம்மாவைக் கேளுங்க. நல்லதோ கெட்டதோ, எதுவானாலும் சரி. சீக்கிரம் பதில் சொல்லுங்க.