பிள்ளையாரை மிதிச்சிக்கினு வந்தது

செவ்வாய் ராத்திரி, சித்தூர்.

குவைத்துல இருக்கிற வீட்டுக்காரரும் நானும் தினம் ஒரு ஆன்லைன் கேம்லதான் பாத்துக்குவோம். யாரோ நாலு பேர் சேர்ந்து செஞ்ச சின்ன கேம், நிறைய பேருக்குத் தெரியாது. அதுல எங்களுக்கு ஒரு வீடு. வாசல்ல கல்லு அடுக்கி, காணிப்பாக்கம் பிள்ளையார்னு வச்சிருக்கோம். கேம்ல வீட்டுக்காரரோட பொம்மை அங்க தோப்புக்கரணம் போடாம உள்ள வராது.

இன்னைக்கு அது பிள்ளையாரை மிதிச்சிக்கினு நேரா உள்ள வந்துச்சு. உடனே வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

"நீங்க யாரு?"ன்னு டைப் பண்ணேன்.

"அண்ணி, நான் அண்ணன்கூட ரூம்ல இருக்கிறவன். உங்க போன் நம்பர் தெரியல. ஒரு விஷயம் சொல்லத்தான் இதுல வந்தேன்."

சொல்லுப்பான்னு அடிக்கறதுக்குள்ள கரண்ட் போயி கம்ப்யூட்டர் நின்னுடுச்சு. மெழுகுவத்தியும் பாதி கரைஞ்சிடுச்சு. கரண்ட் இன்னும் வரல.