தைலம் தீர்ந்துவிட்டது

ஜூன் 4

அன்புள்ள சின்னப் போதகருக்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருந்து, துவைத்த சட்டையோடு பீடம் ஏற ஜெபிக்கிறேன். போனில் சொல்லலாமென்றால் அம்மா கட்டிலில் படுத்தபடியே காதை இங்கே வைத்திருக்கிறாள். இறையியல் கல்லூரியில் நீ செய்கிற பிரசங்கமெல்லாம் வானத்திலிருந்து நேரே உன் தலையில் இறங்குகிறது என்று நம்புகிறாள். நடுவில் ஓர் அக்கா உட்கார்ந்து எழுதுகிறாள் என்று தெரிந்தால், இடுப்பெலும்பு உடைந்தது போதாதென்று மனசும் உடைந்துபோகும்.

நேற்று ஜெபக்குழுப் பெண்கள் வந்தார்கள். அம்மா வழக்கமான சாட்சியைச் சொன்னாள். "ரொம்ப வருஷமா குழந்தையில்ல. ஒரு பிள்ளையக் கொடுங்க, உங்களுக்கே கொடுத்துடறேன்னு பொருத்தனை பண்ணேன். கொடுத்தாரு, நானும் கொடுத்துட்டேன்." புதிதாக வந்த ஒருத்தி, "மூத்தது பொண்ணுதானே?" என்று கேட்டாள். "அது பொண்ணும்மா. பொருத்தனைப் பிள்ளை இவன்தான்" என்றாள் அம்மா. நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். பிள்ளை என்றுதானே கேட்டாள்? அப்படியானால் நான் என்ன, கொசுறா?

சரி, உன் பிரசங்கத்துக்கு வருகிறேன். ஐயாயிரம் பேர் சாப்பிட்டு மீந்த அப்பத்தைப் பன்னிரண்டு கூடைகளில் நிரப்பினார்கள் என்று எல்லாரும் அப்பத்தைப் பற்றியே பேசுகிறார்கள். நீ கூடையைப் பற்றிப் பேசு. அந்த வெட்டவெளியில் கூடை ஏது? யாரோ காலையிலிருந்தே வெறுங்கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்திருக்கிறார்கள். 'இதை ஏன் சுமக்கிறாய்?' என்று கேட்டவர்களுக்கு அவர்களிடம் பதில் இருந்திருக்காது. உன் கூடை இன்னும் வெறுமையாக இருக்கிறதென்று வெட்கப்படாதே. நிரப்புகிற நேரம் வரும், அதுவரை கீழே போட்டுவிடாதே. தைலம் தீர்ந்துவிட்டது. வரும்போது மறக்காமல் கொண்டு வா.

உனக்காக ஓயாமல் ஜெபிக்கும்,
அக்கா


ஜூன் 19

என் அன்பு அக்காவுக்கு,

என் மானம் கப்பலேறிவிட்டது. உன் கடிதத்தை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு பீடம் ஏறினேன். கூடை வந்ததும் சபையே அசையாமல் உட்கார்ந்திருந்தது. அந்த வேகத்தில், "தைலம் தீர்ந்துவிட்டது, வரும்போது மறக்காமல் கொண்டு வா" என்பதையும் முழங்கிவிட்டேன். எல்லாரும் "ஆமென்!" என்றார்கள். முன்வரிசையில் ஒரு பாட்டி அழுதேவிட்டார். அது அம்மாவின் காலுக்குத் தேய்க்கிற தைலம் என்று எனக்கே இறங்கி வந்தபிறகுதான் உறைத்தது.

கல்லூரி முதல்வருக்கு மட்டும் சந்தேகம். அறைக்குக் கூப்பிட்டு, "தைலம் யார் கேட்டது?" என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ எழுதியவற்றை எடுத்துவரச் சொன்னார். ஒரு வாரம் வைத்துப் படித்தார். பிறகு, "பேசறது உங்க அக்காப்பா. நீ வெறும் ஸ்பீக்கர்" என்றார். எனக்குக் கோபமே வரவில்லை. தூக்கிக்கொண்டிருந்ததை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. எதிரே உள்ள ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர் எனக்குப் பழக்கம். போன மாதம் இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. அவரோடு மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஏறி, கையாலேயே சக்கரத்தைச் சுற்றி இறக்கினோம். கதவைத் திறந்தால், கைக்குழந்தையோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டே அழுகிறாள். என் கையெல்லாம் கிரீஸ். குரல் ஏதோ கேட்டது என்றெல்லாம் சொல்லமாட்டேன். ஆனால் இதற்குத்தான் ஆண்டவர் என்னைப் படைத்தார் என்று அங்கே தெரிந்தது. பீடத்தில் ஒருநாளும் தெரிந்ததில்லை.

இங்கே பெண்களையும் சேர்க்கிறார்கள். ஆகஸ்டில் வகுப்பு. "அவங்களுக்கு இடம் வெச்சிருக்கேன்னு சொல்லு" என்றார் முதல்வர். நம் ஊரிலேயே எனக்கு லிஃப்ட் வேலை பார்த்துத் தருவதாக நண்பர் சொல்கிறார். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வந்து என் அறையை எடுத்துக்கொள். ஜன்னல் மட்டும் சரியாக மூடாது.

உன் தம்பி
(பட்டத்தைத் துறந்தவன்)


ஜூன் 27

அன்புள்ள தம்பிக்கு,

இனி சின்னப் போதகர் என்று எழுதக் கை வராது. கொஞ்சம் அழுதேன். உனக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.

உன் கடிதத்தை நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கிற இடத்தில் வைத்துப் படித்தேன். அதற்குப்பின் ஒரு பெரியவருக்கு இடது கண்ணுக்கானதை வலது பக்கம் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். "என்னம்மா, ரோட்டுல எல்லாரும் சாஞ்சே நடக்கறாங்க" என்று திரும்பி வந்தார். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

சின்ன வயதில் தலையணைகளை வரிசையாக உட்காரவைத்துப் பிரசங்கம் பண்ணுவேனே, நினைவிருக்கிறதா? நீ காணிக்கைத் தட்டோடு சுற்றுவாய். அம்மா வந்து, "அவன பேச விடுடி" என்று உன்னை நாற்காலியில் ஏற்றுவாள். நீ பேந்தப் பேந்த முழிப்பாய். அன்றைக்கே நான் கீழே இருந்து வார்த்தை எடுத்துக் கொடுத்தேன். என்னை எதற்கு வைத்திருக்கிறீர் என்று ஆண்டவரிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், தம்பி. இப்படிப் பதில் வரும் என்று நினைக்கவில்லை.

நீ வந்து அம்மாவிடம் நேரில் சொல். அவள் கொஞ்சம் ஆறட்டும். அதன்பின் நான் போகிறேன். போகிறேன்! எழுதிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது.

அக்கா


ஜூலை 16

அக்கா,

வேலைக்குச் சேர்ந்துவிட்டேன், நம் ஊரில் இல்லை. நான் வந்து சொன்னபோது அம்மா என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு அங்கே இருக்க முடியவில்லை. "ஆண்டவருக்குக் கொடுத்தத நீ திருடிட்டு வந்திருக்க. உன் கையால எனக்குத் தண்ணி வேண்டாம்" என்றாளே, அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். நீ கடைக்குப் போயிருந்தபோது, கட்டில் நனைந்த பிறகும் அவள் என்னைக் கூப்பிடவில்லை. நான் கிட்டே போனால் கண்ணை மூடிக்கொண்டாள். நீ வருகிறவரை அந்த ஈரத்திலேயே கிடந்தாள்.

ஆனாலும் நீ போக வேண்டும். கூட இருக்க ஒரு நர்ஸ் அம்மாவை ஏற்பாடு செய்துவிட்டேன், நல்லவர், ஜெபிக்கிறவர். முதல்வர் இந்த மாதக் கடைசிவரை காத்திருப்பார். ஒன்றே ஒன்று: அம்மாவிடம் கேட்காதே. சொல்லிவிட்டுக் கிளம்பு. கேட்டால் நீ நின்றுவிடுவாய். எனக்கு உன்னைத் தெரியும்.

தம்பி


ஜூலை 30

அன்புள்ள தம்பிக்கு,

கேட்டுவிட்டேன்.

பெட்டியில் துணிகூட வைத்துவிட்டேன். கால் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாய் நிற்கவில்லை. "பொருத்தனைல பிள்ளைன்னுதானேம்மா கேட்ட? நான் பிள்ளை இல்லையா?" என்றேன். பொம்பளைக்கு எதற்குப் பீடம் என்று கத்துவாள் என நினைத்தேன். அதற்குச் சொல்ல வேண்டிய பதிலையெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியும்டி. நீ பொறந்தப்பவே தெரியும். ஆண்டவர் கேட்டது உன்னத்தான். உன் முகத்தப் பார்த்ததும் கொடுக்க மனசு வரல. உன்னக் கொடுத்துட்டா எனக்கு யாருடி இருக்கா? அவருக்கு அடுத்தத கொடுக்கலாம்னு உன்ன நானே வெச்சுக்கிட்டேன்" என்றாள். அப்புறம் குழந்தை மாதிரி அழுதாள்.

திட்டியிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன். என்மேல் இவ்வளவு ஆசை வைத்திருக்கிறாள் என்று இத்தனை வயதுக்குப் பிறகு தெரிந்தால், எப்படியடா தாண்டிப் போவது? ஆண்டவரிடமிருந்தே என்னை ஒளித்து வைத்தவளை விட்டு எப்படிப் போவேன்? முதல்வருக்கு வர இயலாது என்று எழுதிப் போட்டுவிட்டேன். நர்ஸ் அம்மாவிடமும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ அவள்மேல் கோபப்படாதே. என்மேல் கோபப்படு, அதில் நியாயம் உண்டு.

பிரசங்கம், கல்லூரி எதைப் பற்றியும் இனி எனக்கு எழுதாதே. லிஃப்ட் பற்றி எழுது, ஆசையாகப் படிப்பேன். தைலம் அனுப்ப வேண்டாம், நானே வாங்கிவிட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் பெட்டியிலிருந்து துணியை எடுத்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். யாரோ என்னைக் கூப்பிட்டது போலிருந்தது. பிரமையோ என்னவோ. அம்மா மட்டும் கூப்பிடுகிற செல்லப் பெயர், ஆனால் அம்மாவின் குரல் இல்லை. என்னையறியாமல், வேதத்தில் ஆண்டவர் கூப்பிட்டவர்கள் சொல்வது போல, "இதோ இருக்கேன்" என்றேன், சத்தமாகவே. உள்ளேயிருந்து அம்மா, "யாருடி வந்திருக்கா?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லம்மா" என்றேன்.

அப்படிச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை, தம்பி. அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அக்கா