கடைசி ஆளை முந்தக் கூடாது

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மாவைக் கேட்டால் எதற்கும் "நல்லாத்தான் இருக்கு" என்பாள். நீங்களே எழுதுங்கள்.

இங்கே கடலோரமாக இருநூறு கிலோமீட்டர் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வேன் ஓட்டுவதுதான் இப்போது என் வேலை. முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளலாம், கடைசி ஆளை முந்தக் கூடாது.

நேற்று கடைசியாக வந்தவருக்கு உங்கள் வயது இருக்கும். எதிர்காற்றில் ஊர்ந்துகொண்டிருந்தார். எனக்கோ அகோரப் பசி. "ஏறிக்குங்க ஐயா, இந்த வயசுல எதுக்கு வீம்பு?" என்று மூன்று தடவை சொன்னேன். நான்காவது தடவை இறங்கி வேனில் ஏறிவிட்டார். அடுத்த வளைவிலேயே முடிவுக் கொடி தெரிந்தது. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

"இவ்வளவு பக்கமாம்மா?" என்றார். கோபப்படக்கூட இல்லை.

போன மாதம் நீங்கள் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றிப் போனில் பேசும்போது உங்களிடமும் "இந்த வயசுல எதுக்கு வீம்பு?" என்றுதான் சொன்னேன். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள்.

கவலைப்பட ஒன்றுமில்லை. காற்றுதான் அதிகம், என் பழைய ஸ்வெட்டரை அனுப்புங்கள். உங்கள் சைக்கிளை விற்றுவிடும்படி தம்பியிடம் சொன்னது நான்தான். இன்னும் விற்கவில்லையென்றால் சாவியை அவனிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விற்றுவிட்டான் என்றால், அதை மட்டும் அம்மாவை எழுதச் சொல்லுங்கள்.

வேனுக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் வாயாடி