இருபத்துமூன்றாம் பை

நேற்று உருத்திரபுரத்தில் ஒரு வீட்டு வளவில் குழாய்க்கிணறு அடித்துக்கொண்டிருந்தோம். மண் முடிந்து துளைமுனை கருங்கல்லில் ஏறியதும் அந்த மணம் வந்தது. துளைமுனை அரைத்த கல்மா நனைந்து சூடேறி எழும்புகிற மணம். மெசினை நான் நிறுத்தவில்லை. ஆனால் கண் தன்பாட்டில் பக்கத்தில் திரும்பி உம்மைத் தேடிவிட்டது. நீர் மௌத்தாகிக் கண்மூடி இரண்டு வருசம். இன்னும் இந்தப் பழக்கம் போகவில்லை.

உம்மை முதலில் கண்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது, உள்ளதைச் சொல்கிறேன். பத்தடிக்கு ஒருக்கால், மேலே வருகிற கல்மாவில் ஒரு பிடி பையில் போட்டு இலக்கம் எழுதுவது உமது வேலை. உமக்கு முன்பு வந்தவர்கள் பின்னேரம் மரநிழலில் இருந்து "மண், சுண்ணாம்பு, கல்" என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டுப் போவார்கள். நீரோ பத்தடிக்குப் பத்தடி "ஐசே, ஒரு நிமிசம் நிப்பாட்டும்" என்று கத்துவீர். "டீசல் என்ன வானத்தாலயே வருகுது?" என்று நானும் திருப்பிக் கத்துவேன்.

ஒருநாள் மத்தியானம் பைகளை நிலத்தில் விரித்த தறப்பாளில் வரிசையாக அடுக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டீர். "இதில நடந்து பாரும்" என்றீர். முதல் இரண்டு எட்டில் செம்மண். பிறகு சுண்ணாம்புக்கல், அதற்குள் பொடிச் சிப்பிகள். "இஞ்ச கடல் நிண்டது. மனிசன் எண்ட சாமானே இல்லாத காலம்." வரிசையின் கடைசியில் கருங்கல் மா. "இது நூறு கோடி வருசக் கணக்கு. பூமிக்குள்ள போய் அவிஞ்சு நசிஞ்சு திரும்பி வந்த கல். அப்ப மீனுமில்லை, சிப்பியுமில்லை. கண்ணுக்குத் தெரியாத உயிர்தான் கடல் முழுக்க." பத்து எட்டு வைத்ததற்கே எனக்குத் தலை சுற்றியது. பதினைந்து வருசமாக நான் துளைத்துத் தள்ளியது இதைத்தானா என்று வெட்கமாகவும் இருந்தது.

வடக்கு முஸ்லிம்களை ஊரை விட்டு எழுப்பிய தொண்ணூறில், பதின்மூன்று வயதில், உடுப்புப் பை ஒன்றோடு தண்ணீரூற்றை விட்டு வெளிக்கிட்டவர் நீர். புத்தளத்து முகாமில் படிப்பு அரைகுறையில் நின்றது. ஊர் திரும்பிய பிறகுதான் பழைய புத்தகக் கடைகளில் விஞ்ஞானப் புத்தகங்களாகப் பொறுக்கிப் படித்தீர். முதல் உயிர் எப்படி வந்தது என்று ஒருக்கால் உம்மிடம் கேட்டேன். "ஆருக்கும் இன்னும் சரியாத் தெரியாது. அதுதான் ஐசே எனக்குப் பிடிச்சது." இதையெல்லாம் தோண்டிப் பார்ப்பது உங்கள் மார்க்கத்தில் பிழையில்லையோ என்று சீண்டினேன். "படைச்சவன்ர வேலையைக் கிட்டப் போய்ப் பாக்கிறது பிழையே?" என்று சிரித்தீர்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். வற்றாப்பளையில் வேலை. ஜும்மாத் தொழுகைக்குப் போகும்போது பைகளை என் பொறுப்பில் விட்டுப் போனீர். நான் சோற்றுப் பார்சலை அவிழ்த்த நேரம் கட்டாக்காலி மாடொன்று தறப்பாளில் ஏறி, கருங்கல் மா இருந்த இருபத்துமூன்றாம் பையை மிதித்துக் கிழித்தது. நீர் வந்து ஏசப்போகிறீர் என்ற பயத்தில், கிணற்று வாயடியில் எல்லா ஆழத்து மாவும் கலந்து கிடந்த குவியலில் இரண்டு கை அள்ளிப் புதுப் பையில் போட்டு அதே இலக்கத்தை எழுதிவிட்டேன். எனக்கு அது வெறும் கல்மாதானே.

அன்று பின்னேரம் வீட்டில் அந்தப் பை மாவைத் தேத்தண்ணி வடியில் கழுவிப் பார்த்திருக்கிறீர். அரிசி அளவில் ஒரு சிப்பி! விடிய ஓடிவந்தீர். "கருங்கல்லுக்குள்ள சிப்பி ஐசே! இருக்கவே ஏலாது, ஆனா இருக்குது!" யாழ்ப்பாணக் கம்பஸில் படிப்பிக்கிற சேர் ஒருவருக்குப் படம் அனுப்பினீர். பைகளோடு திங்கட்கிழமை வரச் சொல்லிப் பதில் வந்தது. படித்த ஒருவர் உம்மைக் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை. போட்டுக்கொண்டு போகப் புதுச் சேட்டும் வாங்கினீர். அந்த இரண்டு நாளும் எனக்கு ஒரே யோசனை. சொன்னால் உமது முகம் வாடும், சொல்லாவிட்டால் அங்கே போய் அவமானப்படுவீர்.

திங்கள் காலை முல்லைத்தீவு பஸ் நிலையத்துக்கு வந்தேன். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. "அந்தச் சிப்பி கல்லுக்குள்ள இருந்து வரேல்லை" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். நீர் பஸ் படியில் வைத்த காலை எடுத்தீர். பிறகு கேட்டீர்.

"எந்தக் குவியலில அள்ளினீர்?"

"வாயடிக் குவியலில."

"எத்தினை கை?"

"ரெண்டு. ஏசுமன் ஐசே, சும்மா நிக்கிறீர்."

"ஏசி என்ன காணப்போறன்? மற்றப் பையளிலயும் கை வச்சனீரோ?"

"என்ர பிள்ளையாணை இல்லை."

"அப்ப மற்றதெல்லாம் சுத்தம்" என்று பஸ்ஸில் ஏறினீர். இனியும் ஏன் போறீர் என்று கேட்டேன். "அந்தாள் பாத்துக்கொண்டிருக்கும். பிழை எண்டு நேர போய்ச் சொல்லவேணும்." பஸ் வெளிக்கிடுமட்டும் அந்தப் புதுச் சேட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னேரம் போன் எடுத்தீர். "சேர் சிரிக்கேல்லை. தேத்தண்ணி தந்தவர். மற்றப் பையளை ஒவ்வொண்டாப் பாத்தவர். இப்பிடி ஒழுங்கா வைக்கிற ஆக்கள் குறைவாம்." குரலில் சந்தோசம் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒருநாளும், பகிடிக்குக்கூட, நீர் அந்தச் சிப்பிக் கதையை எடுக்கவில்லை. எனக்கென்றால் வாய் சும்மா இருந்திருக்காது.

நீர் மௌத்தான பிறகு உமது மனுசி உமது குறிப்புக் கொப்பியைக் கொண்டுவந்து தந்தா. "அண்ணை, இதை உங்களிட்டக் குடுக்கச் சொன்னவர்" என்றா. வற்றாப்பளைப் பக்கத்தைத் தேடிப் பிரித்தேன். "பை 23: வெளி மண் கலந்தது. நான் இடத்தில் இருக்கவில்லை. கவனக்குறைவு என்னுடையது." என் பெயர் எங்கும் இல்லை. அவாவுக்கு முன்னாலேயே கதிரையில் இருந்து அழுதேன்.

இப்போது குறிப்பெழுதுவதும் நான்தான். நேற்று ஒன்பதாம் பைக்கு அள்ளமுதல் தண்ணீர்க் குழாய் வெடித்து, வந்த கல்மாவை எல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. "எட்டில கொஞ்சம் எடுத்துப் போடுவம் அண்ணை, ஆருக்குத் தெரியப்போகுது?" என்றான் என்னோடு வேலை செய்கிறவன். "கை வச்சாத் தெரியும்!" என்று நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரரும் வெளியே வந்துவிட்டார்.

வெறும் பையின் வாயைக் கட்டி, எட்டுக்கு அடுத்ததாக வைத்தேன். உமது கொப்பியில் மிச்சமிருந்த தாள்களில் ஒன்றில் எழுதினேன்: "பை 9: எடுக்கவில்லை. கவனக்குறைவு என்னுடையது." காற்று அடித்தது. பை பறந்துவிடாமல் அதன்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டுத்தான் மெசினுக்குப் போனேன்.