நாற்பத்தொரு பிள்ளைகளுக்குக் காற்று

1938 ஜூன் 14, செவ்வாய்

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம். நாற்பத்தொரு பெண்பிள்ளைகள் வருகிறார்கள். உத்தமபாளையத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் இத்தனை பேர் ஒன்றாக உட்கார்ந்து படிப்பார்கள் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். அத்தாவின் சிநேகிதர் நத்தர்ஷா மாமு தம்முடைய பழைய ஏலக்காய் ஸ்டோரைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டுக்கொடுத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போனால் பாயச வாசம் அடிக்கிறதாம்.

மத்தியானம் லத்திபாவின் மகள் ஜைனம்பு மறுபடி தூங்கி விழுந்தாள். காதைத் திருகினேன்.

ஜூன் 18, சனி

ஜில்லா போர்டு ஹெல்த் இன்ஸ்பெக்டர் சங்கரலிங்கம் வந்தார். அவர் சர்டிபிகேட் கொடுத்தால்தான் பள்ளிக்கூடத்துக்கு அங்கீகாரம். தரையை அளந்தார், சுவரை அளந்தார், இருக்கிற இரண்டு ஜன்னலையும் அளந்தார். அவற்றை ஜன்னல் என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்கிறோம். ஒரு தலை நுழையாது. வெளியே வண்டிப்பேட்டை, எந்நேரமும் ஆண்கள் கூட்டம். அதனால் இரண்டிலும் சாக்கைத் திணித்து வைத்திருந்தேன். சாக்கை அவரே உருவிப் போட்டார்.

இடம் போதுமாம், காற்று போதாதாம். இந்த ஜன்னலுக்குப் பதினெட்டுப் பிள்ளைகள்தான் கணக்கு. ஒரு மாதத்துக்குள் தெருப்பக்கம் நாலு ஜன்னல் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இருபத்துமூன்று பேரை நிறுத்த வேண்டும்.

போகும்போது, மத்தியானத்தில் பிள்ளைகள் தூங்குகிறார்களா, தலைவலி என்கிறார்களா என்று கேட்டார். ஆமாம், சோம்பேறிகள் என்றேன்.

"சோம்பல் இல்லை டீச்சர். அடைச்ச காத்து."

அடைத்தது நான். தூங்கியது ஜைனம்பு. காதைத் திருகுனதும் நான்தானே. சீ, என்ன டீச்சர் நான்.

ஜூன் 20, திங்கள்

மாமுவிடம் சொன்னேன். இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"தெருப்பக்கம் ஜன்னல் வச்சா நாளைக்கே அம்புட்டுப் பேரும் பிள்ளைகளை நிப்பாட்டிருவாக ஆத்தா. அப்புறம் அங்கன காத்து மட்டுந்தேன் உக்காந்து படிக்கும்."

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. இந்தப் பிள்ளைகளை வாசல் தாண்டிக் கூட்டிவர நான் எத்தனை வீட்டுப் படி ஏறினேன்! யார் கண்ணிலும் படமாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்துத்தானே ஏறினேன். ஜன்னல் வைத்தால் எல்லாரும் போவார்கள். வைக்காவிட்டால் இருபத்துமூன்று பேர்.

ஜூன் 21, செவ்வாய்

இருபத்துமூணு பேரை எப்படிப் பொறுக்குவேன்? கடைசியாகச் சேர்ந்தவர்களையா? படிப்பு ஏறாதவர்களையா — அதுகளுக்குத்தானே பள்ளிக்கூடம் வேணும்? மூன்று பெயர் எழுதினேன். காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

ஜூன் 25, சனி

ஜைனம்பு காதுக்காக லத்திபாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் அடுப்படியில் இருந்தாள். விறகு ஈரம், ஒரே புகை. நான் சொன்னதைக் கேட்டு, "நானும் ரெண்டு திருகு திருகித்தேன் அனுப்புறேன்" என்று சிரித்தாள். இன்ஸ்பெக்டர் சங்கதி எல்லாம் சொல்லி அழுதேன். கண்ணைத் துடைக்கத் துணி கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

"எங்க அடுப்படிக்கு ஜன்னலே கிடையாது டீச்சரம்மா. எவனும் எட்டிப் பாக்க முடியாது. புகை மட்டும் போகுதுல்ல?"

அண்ணாந்து பார்த்தேன். கூரை முகட்டைக் கொஞ்சம் தூக்கி, அதன்மேல் குட்டிக்கூரை போட்டு, இடையில் ஒரு சந்து. புகைபோக்கி! இத்தனை வருஷமாக எல்லார் வீட்டிலும் இருக்கிறது. செருப்பைக்கூட மறந்துவிட்டு ஓடிவந்தேன்.

ஜூன் 28, செவ்வாய்

தேவாரம் ஊருக்குப் போகிற வழியில் இன்ஸ்பெக்டர் நின்று, ஜன்னல் என்ன ஆயிற்று என்று கேட்டார். முகட்டில் புகைபோக்கி, பின்சுவரில் தரையை ஒட்டி வரிசையாக ஓட்டைகள், எலி வராமல் கம்பிவலை — சிலேட்டில் வரைந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். சர்டிபிகேட் பாரத்தில் ஜன்னலுக்குத்தான் கட்டம் இருக்கிறது என்றார். பிறகு, காற்று வந்து போனால் சரி, செய்து காட்டுங்கள் என்றார். நல்ல மனுஷன். முகத்தில் மட்டும் காட்டமாட்டார்.

ஜூலை 9, சனி

கொத்தனார் ராக்கையா வேலையை முடித்தார். புகைபோக்கியின் வாயைக் கிழக்கே வைக்கட்டுமா என்று கேட்டார். கிழக்கே பக்கத்து வீட்டு மெத்தை, அந்த மாடியில் நின்று யாராவது பார்த்தால்? மேற்கே வையுங்கள் என்றேன். ஆடி வருதே டீச்சர் என்று தலையைச் சொறிந்தார். சொன்னதைச் செய்யுங்கள் என்றேன்.

ஜூலை 19, செவ்வாய்

மானம் போச்சு.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு, இன்ஸ்பெக்டருக்கும் மாமுவுக்கும் முன்னால் மூன்று சட்டியில் சாம்பிராணி போட்டுக் கதவைச் சாத்தினேன். புகை மேலே போவதைக் கண்ணால் பார்க்கட்டும் என்று என்னுடைய யோசனைதான். மேற்கிலிருந்து ஆடிக்காற்று புகைபோக்கி வழியாக இறங்கி அத்தனை புகையையும் எங்கள் முகத்தில் அடித்தது. மாமு இருமி இருமி உட்கார்ந்துவிட்டார். இன்ஸ்பெக்டருக்குக் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். ராக்கையா வாயே திறக்கவில்லை, அதுதான் பெரிய உபகாரம்.

தோற்றதாக எழுதிவிடுவார் என்று நின்றேன். மாதக் கடைசி வரை தவணை கொடுத்து, வாயைத் திருப்பி வைக்கச் சொன்னார்.

ஜூலை 23, சனி

வாயைக் கிழக்கே திருப்பியாயிற்று. ஆனால் பக்கத்து வீட்டு மெத்தை? அங்கிருந்து உள்ளே தெரியாது என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? மாமு நேரே அந்த வீட்டுக்குப் போய், அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். உள்ளே நானும் லத்திபாவும் வெள்ளைத்துணியை வீசிக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றோம். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு!

இறங்கிவந்து வேர்வையைத் துடைத்தார். "வெறும் ஓடுதேன் தெரியுது. நானே பாத்துட்டேன்னு எல்லா வீட்லயும் சொல்லிர்றேன்" என்றார். சொன்னபடியே சாயங்காலம் வீடு வீடாகப் போனாராம்.

ஆகஸ்ட் 1, திங்கள்

இன்று மறுபடி சாம்பிராணி போட்டோம், புகை சொன்ன பேச்சைக் கேட்டது. நாங்கள் உள்ளே நிம்மதியாக மூச்சுவிட்டுக்கொண்டு நின்றோம். வெளியே பேட்டைக்காரர்கள் பள்ளிக்கூடம் தீப்பிடித்துவிட்டது என்று குடத்தோடு ஓடிவந்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். ஓட்டைகளையெல்லாம் அளந்து கூட்டினார். நாற்பத்தாறு பிள்ளைகளுக்குச் சர்டிபிகேட்! நாற்பத்தொன்றுக்கே ஏங்கினேன். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு தின்றேன்.

ஆகஸ்ட் 17, புதன்

ஜைனம்பு ஏழாம் வாய்ப்பாட்டை நிறுத்தாமல் ஒப்பித்தாள். மத்தியானம் மூன்று மணிக்கு.

அக்டோபர் 11, செவ்வாய்

நாற்பத்தாறும் போன மாதமே நிறைந்துவிட்டது. இன்று காலை கூடலூரிலிருந்து குடிவந்த ஒருத்தி இரண்டு மகள்களோடு வாசலில் நின்றாள். பெரியது எட்டிக்கூடப் பார்க்காமல் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டது. முன்னே என்றால் நெருங்கி உட்காருங்கள் என்று உள்ளே தள்ளியிருப்பேன். இன்று மனசு வரவில்லை. பத்து நாள் பொறுத்துக் கூட்டிவா என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. பத்தே நாள்தான் என்று இரண்டு பிள்ளைகளின் பெயரையும் அவள் கண்முன்னாலேயே எழுதி வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் மாமுவிடம் பக்கத்து அறையைக் கேட்டேன். மூட்டைகளை எடுக்கச் சொல்லிவிட்டார். ராக்கையா இப்போது கூரைமேல் இருக்கிறார், வாய் கிழக்கே.

இன்ஸ்பெக்டருக்குக் கடுதாசி எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். தயவுசெய்து அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு சீக்கிரம் வரவும், இங்கே இரண்டு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று.