தட்டிட்டேன்

நவம்பர் 10, திங்கள்

விடிவதற்கு முன்பே மழை. குடைக்கம்பி ஒன்று உடைந்துவிட்டது. வாங்க வேண்டியது: குடை, பூண்டு, வீட்டுக்காரருக்கு இருமல் மருந்து.

இன்று வாயை விட்டு மாட்டிக்கொண்டேன். நாளைக்கு நானே மாற்றிச் சொல்லாமலிருக்க எழுதி வைக்கிறேன்.

கூலாயிலிருந்து லார்கின் பஸ் நிலையம் போகும் வேன்; அங்கிருந்து எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் வேலை. வழக்கம்போல் குணா அண்ணனோடு (இனி கு.அ.) தகராறு. குத்தும் மல்யுத்தமும் கலந்த சண்டையில், ஹெவிவெயிட்டில் எல்லாக் காலத்துக்கும் பெரிய சாம்பியன் யார்? அவருக்கு மௌனசாமி. இருபது வருஷத்துக்கு முந்திய ஆள். மூக்கு உடைந்தாலும் முகம் மாறாது, அதனால் நாங்கள் வைத்த பேர். எனக்கு ஒட்டடைக்குச்சி. இப்போதைய சாம்பியன். கை அவ்வளவு நீளம்.

"அப்ப உள்ளவனுங்க ஆம்பளைங்க லா. ஒரு காயம் ஆறதுக்குள்ள அடுத்த சண்டை. உன் ஆளு வருஷத்துக்கு ஒன்னு போடுறான். மீதி நாளு கால்வலி, இடுப்புவலி."

"அப்ப வந்தவனுங்கள்ல பாதிப் பேருக்குக் குத்த மட்டும் தெரியும், பாதிப் பேருக்குக் கட்டிப் பிடிக்க மட்டும் தெரியும். இப்ப எல்லாருக்கும் எல்லாம் தெரியும்ணே. அவங்கள ஜெயிக்கிறதுதான் பெருசு."

"அட போமா. நீ போய் நாடகம் பாரு."

அந்த ஒரு வார்த்தை. ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "ஞாயித்துக்கிழமை ரொட்டிக் கடையில வச்சுக்கலாம். வேன்ல உள்ளவங்க ஓட்டுப் போடட்டும். தோத்தா மீசைய எடுப்பீங்களா?"

அந்த மீசைக்குத் தனிச் சீப்பு உண்டு.

"எடுக்கிறேன். நீ தோத்தா?"

"வேன்ல சண்டையப் பத்தி இனிமே வாயே திறக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. தொழிற்சாலையில் பத்து மணி நேரம் காதில் அடைப்பான். வீட்டில் இவருக்குப் பந்து விளையாட்டு மட்டும். எனக்குத் தெரிந்ததை நான் பேச, ஒருவர் மல்லுக்கு நிற்பது அந்த வேனில்தான், அந்த நாற்பது நிமிஷம்தான். அதைத் தூக்கிப் பந்தயம் வைத்திருக்கிறேன். அறிவு கெட்டவள். சரி, ஜெயித்தே ஆகவேண்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

தூறல். கு.அ. வேனில் இல்லை. ஓட்டுநர் மூர்த்தி: "மோட்டார் சைக்கிள்லயே சிங்கப்பூர் போறாராம்க்கா. ஞாயிறு வரைக்கும் எதிரிகூட உக்கார மாட்டாராம்."

போகட்டுமே!

எல்லையில் குடிநுழைவில் பாஸ்போர்ட்டைக் காட்டி முடித்து எல்லாரும் கீழே ஓடுவோம். சிங்கப்பூர் பஸ்ஸில் முதலில் ஏறுகிறவர் கட்டணக் கார்டை மெஷினில் தட்டிவிட்டு மற்றவருக்குப் போனில் ஒரே வார்த்தை அனுப்புவோம்: தட்டிட்டேன். பக்கத்து சீட் பிடித்தாயிற்று என்று அர்த்தம். மூன்று வருஷப் பழக்கம்.

இன்று வரவில்லை. நின்றுகொண்டே போனேன். முட்டி வலி.

நவம்பர் 12, புதன்

குடை வாங்கியாயிற்று. பூண்டு மறந்துவிட்டது.

ஞாயிறுக்கு:
1. மௌ.சா. காலத்தில் கயிறு கட்டிய மேடை, முதல் சுற்றே பத்து நிமிஷம், விழுந்தவன் தலையில் உதைக்கலாம். இப்போது கூண்டு, ஐந்து நிமிஷச் சுற்று, உதைக்கக் கூடாது. எந்தச் சட்டத்தில் மோதவிடுவது? பாதிப் பாதி என்று நானே சொல்லிவிடலாம். நியாயமாகத் தெரியும்.
2. மௌ.சா. அடித்த குண்டு ஆட்களில் எத்தனை பேர் நிஜமான சண்டைக்காரர்கள்?
3. ஒ.கு. கை நீளம். கிட்டவே வர முடியாது.
4. கத்தாதே, தேவி. கத்தினால் தோற்பாய்.

இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "மறுபடியும் அடிதடியா?" என்றார். ஆமாம், அடிதடிதான்.

நவம்பர் 13, வியாழன்

மழை இல்லை. இன்றும் மெசேஜ் இல்லை, சீட் இல்லை. வேனில் எல்லாரும் தூங்குகிறார்கள். இந்த வேனுக்குள் இவ்வளவு குறட்டை இருந்ததே தெரியாது.

நவம்பர் 14, வெள்ளி

வெற்றி!!

காலை 5.32. குடிநுழைவு வரிசையில் நிற்கிறேன். கு.அ.விடமிருந்து ஒரே வார்த்தை. தட்டிட்டேன்.

மோட்டாரில் போகிறவருக்கு ஏது பஸ், ஏது சீட்? சண்டையில் கழுத்துப் பிடி இறுகினால், தாங்க முடியாதவன் எதிராளியின் உடம்பைத் தட்டுவான். தட்டினால் தோல்வியை ஒத்துக்கொண்டான், ஆட்டம் முடிந்தது. நாலு நாள் தனியாக மோட்டாரில் போய் யோசித்துப் பார்த்திருக்கிறார், என்னிடம் வாதம் எடுபடாது என்று தெரிந்துவிட்டது. அங்கேயே நின்று வேன் குழுவில் போட்டேன்: "குணா அண்ணே தட்டிட்டாரு! மீசைக்கு வழியனுப்பு விழா ஞாயிறு காலை பத்து மணிக்கு!"

குழுவே அல்லோலகல்லோலம். யாரோ மீசையில்லாத கு.அ. படம் செய்து போட்டார்கள். மூர்த்தி பொறுப்பாக, "சவரக்கத்தி நான் கொண்டாரேன்." சிரித்துக்கொண்டே வரிசையைவிட்டு ஓரமாய் நின்றதில் நாலு பஸ் போய்விட்டது. கவலையில்லை.

கு.அ. பதில் போடவில்லை. வெட்கமாக இருக்கும்.

நவம்பர் 15, சனி

வெயில். அரை நாள் வேலை. திரும்பும் பஸ்ஸில் மீனா, எங்கள் வேனில் பின்சீட் பெண்.

"அக்கா, நேத்து அண்ணே மோட்டார விட்டுட்டு பஸ்ல வந்தாரு, அதே பஸ்லதான் நானும் இருந்தேன். பக்கத்து சீட்ல பைய வச்சுக்கிட்டு யாரையும் உக்கார விடல. 'ஆள் வருது, ஆள் வருது'ன்னாரு. ஒரு சீன அங்கிள் நல்லா ஏசிட்டாரு."

"அப்புறம்?"

"போன எடுத்துப் பாத்தாரு. அப்புறம் பைய எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு. அந்த அங்கிள் உக்காந்துட்டாரு."

அலமாக்.

அது கார்டு தட்டியது. தோல்வி இல்லை, சீட். வீம்பை விட்டு முதலில் இறங்கி வந்தது அவர்தான். அந்த நேரத்தில் நான் அவர் மீசைக்கு விழா எடுத்துக்கொண்டிருந்தேன். முகமெல்லாம் எரிகிறது. இதை எழுதும்போதும் எரிகிறது.

பேசாமல் இருந்துவிட்டால் அவர் மீசை போகும், என் வாய் பிழைக்கும். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை, மீனாவுக்கே புரியவில்லை. ஆனால் இப்படி வந்த வெற்றியை வைத்துக்கொண்டு அந்த வேனில் நான் என்ன பேசுவது? நாளைக்குச் சொல்லிவிட வேண்டும். எல்லார் முன்னாலும்.

நவம்பர் 16, ஞாயிறு

கடையில் ஏழு பேர் ஓட்டுக்குத் தயார். கு.அ. கடைசியாக வந்தார். சட்டைப் பையிலிருந்து புது சவரக்கத்தி எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நான் தட்டினேன்னு ஊரே சொல்லிருச்சு. இதுக்கு மேல வாதாடி அசிங்கப்படணுமா? வாக்குன்னா வாக்கு."

எழுந்தேன்.

"அண்ணே தட்டினது பஸ் கார்ட. எனக்கு சீட் பிடிச்சு வச்சிருந்தாரு. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு ஆட்டம் போட்டேன். மன்னிச்சிருங்கண்ணே. அந்த ஆட்டம் செல்லாது. முதல்லேர்ந்து வச்சுக்கலாம்."

மூர்த்தி, "அக்கா, ஜெயிச்சத யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா?" என்றார். கு.அ. சவரக்கத்தியை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு டீ சொன்னார். எனக்கும் சேர்த்து.

ஒரு மணி நேரம். கத்தவில்லை. மூன்று பாயின்டும் சொன்னேன். தலைகள் ஆடின. அப்போது கு.அ. மெதுவாக:

"ஒட்டடைக்குச்சி கீழ விழுந்தா எப்படி எழுந்திரிக்கிறான்? கூண்டுக் கம்பியில முதுகச் சாச்சு எழுந்திரிக்கிறான். பாதிச் சண்டை கயித்து மேடைன்னு நீதான சொன்ன? கயித்துல எப்படி லா சாயுவான்?"

நானே வைத்த சட்டம்!

மூன்றுக்கு நாலு. தோற்றேன்.

சாயங்காலம் பழைய வீடியோவெல்லாம் தேடினேன். ஆறு மணிக்குக் கிடைத்தது. ஒ.கு. சாம்பியன் ஆவதற்கு முந்திய சண்டை. நடு மேடையில் மல்லாக்க விழுந்து, கம்பி பக்கத்திலேயே இல்லை, இடுப்பை உதறிக்கொண்டு எழுந்துவிடுகிறான். இரண்டு தடவை! கிடைத்து என்ன பிரயோசனம், வாக்குக் கொடுத்தாயிற்று. அழுகை வந்தது. பூண்டு உரித்தேன்.

நவம்பர் 17, திங்கள்

மழை. கு.அ. வேனுக்குத் திரும்பிவிட்டார். எனக்கு நேர் பின்சீட்டில் உட்கார்ந்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வாய் மூடி.

செனாய் தாண்டியது. பிறகு பின்னாலிருந்து, வேனுக்கே கேட்கிற மாதிரி:

"மூர்த்தி, ஒட்டடைக்குச்சி கம்பி இல்லாம நடு மேடையில எழுந்திரிச்சிருக்கானா? யாருக்காச்சும் தெரியுமா?"

தெரியும்! நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஒருத்தருக்கும் தெரியலையா? அப்ப எழுந்திரிக்கவே இல்லபோல."

கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இந்த மனுசன் வேண்டுமென்றே செய்கிறார்.

"நேத்து ராத்திரி ஒரு பழைய வீடியோ பாத்தேன். அதுல உள்ளது யாருன்னு சரியாத் தெரியல. கை மட்டும் ரொம்ப நீளம்."

நான் திரும்பவில்லை. வாக்குன்னா வாக்கு.

மடியில் போன் அதிர்ந்தது. கு.அ.

தட்டிட்டேன்.

வெளியே பார்த்தேன். ஸ்கூடாய் மேம்பாலம். எல்லைக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. தட்டுவதற்கு இங்கே பஸ்ஸும் இல்லை, கார்டு மெஷினும் இல்லை.

திரும்பினேன். ஒரு கையால் மீசையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு தடவை எழுந்திரிச்சான்ணே," என்றேன்.